தாமதித்த முடிவுக்கு வட்டி கட்டுவது யார்?

2025 டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இண்டிகோ விமானங்கள் ரத்தாயின. பெட்டிகளுக்கு நடுவே பயணிகள் படுத்துக் கிடந்த படங்கள் வந்ததும், பலருக்கும் பழிபோடச் சட்டென்று கிடைத்தது விமானிகளுக்கான புதிய ஓய்வு விதி. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருந்தது. வாரத்தில் இரவுத் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகியிருந்தன. அந்த விதி 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டது என்பதை உரக்கச் சொன்னவர்கள் குறைவு. எத்தனை விமானிகள் கூடுதலாகத் தேவை, எந்த அட்டவணையை அவர்களால் தாங்க முடியும் என்று கணக்குப் போட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்தன. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர்கள் விமானத்தின் முன்னறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. ஆனாலும், நெருக்கடி முற்றியவுடன் முதலில் தளர்த்தப்பட்டது ஓய்வு விதிதான். அட்டவணையில் கைவைத்தது அதற்குப் பிறகு.

நம் நாட்டு வேலை நேர விவாதம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிவிடுகிறது. 2023 அக்டோபரில் இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் நாராயண மூர்த்தி. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து! இந்த ஏலத்தில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்கான தேவை எங்கிருந்து பிறக்கிறது? திங்கட்கிழமை ஒப்புதல் தர வேண்டியவர் வியாழன் மாலை தருகிறார்; சனியும் ஞாயிறும் கீழே உள்ளவர்களின் வீட்டிலிருந்து பிடுங்கப்படுகின்றன. மூன்று பேர் பேசி முடிக்க வேண்டியதைப் பதினேழு பேர் கூட்டமாக்கி, ‘அடுத்த வாரம் பார்ப்போம்’ என்று கலைகிறார்கள். அடுத்த வாரம் அது ‘அவசரம்’ என்ற முத்திரையோடு திரும்பி வருகிறது. நீண்ட வேலை நேரம் பெரும்பாலும் உழைப்பின் அளவு அல்ல. மேலே தாமதித்த முடிவுக்குக் கீழே கட்டும் வட்டி.

வட்டி கட்டியாவது அசல் தேறுகிறதா என்றால், அதுவும் இல்லை. இதற்கு 1915-ஐவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து கிடையாது. முதல் உலகப் போரில் பிரிட்டன் குண்டுகளுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரம். ஆயுதத் தொழிற்சாலைகளில் ஞாயிறு விடுமுறைகூட மறைந்துபோனது. தேசபக்திக்கோ மேற்பார்வைக்கோ பஞ்சமில்லை. அப்போது அரசே அமைத்த தொழிலாளர் உடல்நலக் குழுவின் ஆய்வாளர்கள், கடைசல் இயந்திரங்களில் நின்ற பெண்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை உருப்படி முடித்தார்கள் என்று வாரவாரியாக எழுதி வைத்தார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 2014-ல், ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல் அந்தப் பேரேடுகளைப் புதிய புள்ளியியல் முறைகளால் ஆராய்ந்தார். வாரம் சுமார் 49 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடியது. அதற்கு மேல் வளர்ச்சி தேயத் தொடங்கியது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. பதினான்கு மணி நேரம்! எண்ணெய் எரிந்தது, இயந்திரம் தேய்ந்தது, கால்கள் வீங்கின. குண்டு மட்டும் கூடவில்லை. நம் 1948 தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று போட்ட எல்லை, இந்தக் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். போர்க்காலத்தில் தோற்றுப்போன சூத்திரத்தைத்தான் இன்று குளிரூட்டிய அரங்குகளில் புதுக் கண்டுபிடிப்பாக விற்கிறார்கள்.

அது கை வேலை, இது மூளை வேலை என்பார்கள். அப்படியென்றால் நிலைமை இன்னும் மோசம். களைத்த கை உருப்படியைக் குறைக்கும்; களைத்த மூளை தப்பான உருப்படியை நம்பிக்கையோடு செய்துமுடிக்கும். தொடர்ந்து 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கோ அதற்குக் கீழேயோ இறங்குவதாக 2000-ல் வெளியான வில்லியம்சன் – ஃபெயர் ஆய்வு காட்டியது. இந்தியச் சாலைகளில் அனுமதி 0.03 சதவீதம்தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு இரவு பதினொன்று என்பது பதினேழாவது மணி நேரம். அந்த நேரத்தில் வண்டி ஓட்டினால் பிடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்தான், காணொலிக் கூட்டத்தில் உட்கார்ந்து கோடிக்கணக்கான ரூபாய்க்குச் ‘சரி’ சொல்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியும் ஜப்பானும் நீண்ட நேரம் உழைத்துத்தான் எழுந்தன என்பது மூர்த்தி தரப்பின் வாதம். ஜெர்மனியில் 1956 மே தினத்திலேயே தொழிற்சங்கங்கள் ‘சனிக்கிழமைகளில் அப்பா எனக்குச் சொந்தம்’ என்ற குழந்தையின் முழக்கத்தோடு இயக்கம் தொடங்கிவிட்டன. ஜப்பானோ அதிக உழைப்பால் நேரும் சாவுக்கென்றே தனிச் சொல் வைத்திருக்கும் நாடு. அதைத் தடுக்க 2014-ல் சட்டமும் இயற்றியது.

‘நாளுக்கு 12 மணி நேரம், ஆனால் வாரத்துக்கு அதே 48’ என்ற சமரசமும் ஏமாற்று. தமிழ்நாடு 2023 ஏப்ரலில் இப்படியொரு மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. சில மாநிலங்கள் இன்னும் அந்த வழியில்தான் போகின்றன. பன்னிரண்டாவது மணி நேரத்தில் இயந்திரத்தின் முன் நிற்கும் விரலுக்கு வாரக் கணக்கு தெரியாது. நிறுவனர்கள் அப்படித்தானே உழைத்தார்கள் என்பார்கள். தன் நிறுவனத்துக்காக ஒருவர் தூங்காமல் உழைப்பது அவர் இஷ்டம். பங்கு அவருடையது, பைத்தியமும் அவருடையது. சம்பளக்காரரிடம் பங்கைத் தராமல் பைத்தியத்தை மட்டும் கேட்பதற்குப் பெயர் உத்வேகம் அல்ல.

ஆகவே, கீழே உள்ளவர்களின் வருகைப் பதிவைச் சோதித்தது போதும். ஒவ்வொரு நிறுவனத்திலும் முடிவுப் பதிவேடு ஒன்று வேண்டும்: கேள்வி எந்தத் தேதியில் மேலே போனது, பதில் எந்தத் தேதியில் கீழே வந்தது. பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் அதை ஆண்டறிக்கையிலேயே அச்சிடட்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் தொழிலாளிக்குச் சொல்கிறது. அந்த இரண்டாவது பங்கை, தாமதித்தவரின் ஆண்டு ஊக்கத்தொகையிலிருந்து பிடிக்கட்டும். மேசையில் தூங்கும் கோப்புகள் பாதி அடுத்த காலாண்டுக்குள் எழுந்துவிடும். 90 மணி நேரப் பேச்சு நிதியாண்டு முடிவதற்குள் நின்றுவிடும்.