அச்சுறுத்தல் அறிவூட்டலாகாது

இசைவிழாவுக்கென மகிழ்வோடு புறப்பட்ட பிள்ளை பிணமாகத் திரும்பும்போது பெற்றோர் அடையும் துயரை அளக்கவல்ல கோல் எதுவுமில்லை. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலே, 2017 டிசெம்பருக்கும் 2019 சனவரிக்கும் இடையில், ஆறு குடும்பங்கள் இத்துயரை அடைந்தன. இறந்த அறுவரும் 18 வயதுக்கும் 23 வயதுக்கும் இடைப்பட்டோர். எம்.டி.எம்.ஏ. என்னும் போதைவஸ்துவே அறுவர் சாவிலும் பங்குகொண்டது. அவர்களுள் இருவர் 2018 செப்டெம்பரில் மேற்குச் சிட்னியைச் சார்ந்த பென்றித்தில் நடைபெற்ற ஒரே விழாவிற் கலந்துகொண்டவர்கள். எம் நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல மேற்குச் சிட்னியிலே வாழ்கின்றன. ஆதலின் இதனை அயலார் வீட்டுத் துயரென்று நாம் ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

இச்சாவுகளுக்கு அரசு அளித்த விடை யாது? அவ்விழாவையே மூடிவிட விரும்புவதாக அன்றைய மாநில முதல்வர் அறிவித்தார். குளிகைகளைப் பரிசோதித்துக் கூறும் ஏற்பாடு பாவனைக்கு அனுமதி வழங்கியதாகிவிடும் என்று அதனை மறுத்தார். விழா வாயில்களில் மோப்ப நாய்களும் உடை களைந்து சோதிக்கும் முறையும் தொடர்ந்தன. "உட்கொள்ளாதீர்" என்பதே இளைஞருக்கு வழங்கப்பட்ட ஒரே பாடமாயிற்று.

அப்பாடம் பிழையானதென யாம் கூறவில்லை. முற்றாகத் தவிர்த்தலே முழுப் பாதுகாப்பு என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. எமது வினா வேறு. அவ்வறிவுரையைக் கேளாத பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு மரணந்தான் தண்டனையா?

அச்சமூட்டினால் இளைஞர் விலகிவிடுவர் என்று வாதிப்பாருளர். இவ்வாதம் பரீட்சிக்கப்படாததன்று. 1983இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தொடங்கி, பொலிசாரைப் பாடசாலைகளுக்கு அனுப்பிப் போதைவஸ்து எதிர்ப்புப் பாடம் நடத்திய 'டெயார்' திட்டம் அமெரிக்கா முழுவதும் பரவிற்று. அத்திட்டம் பற்றிய நீண்டகால ஆய்வுகளை 2003இல் மீளாய்வு செய்த அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம், அதனைப் பயின்றோருக்கும் பயிலாதோருக்குமிடையே போதைவஸ்துப் பாவனையிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றே கண்டது.

இதன் காரணத்தை உணர்வது கடினமன்று. ஒருமுறை உட்கொண்டாலே அழிவென்று மாணவனுக்குக் கூறுகிறோம். உட்கொண்ட நண்பனொருவன் மறுநாள் நலமாக வகுப்பிலே அமர்ந்திருப்பதை அவன் காண்கிறான். அக்கணமே எமது மிகைக்கூற்று மட்டுமன்றி, நாம் கூறிய உண்மைகளும் அவன் உள்ளத்தில் மதிப்பிழக்கின்றன. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறுமென்று வள்ளுவர் இடங்கொடுத்தமை உண்மையே. ஆனால் நாம் கூறிய பொய் தந்த நன்மை எங்கே? அதனைக் காட்டவியலாதோர் வள்ளுவரைத் துணைக்கழைத்தல் தகாது.

மெய்யான கல்வி எவற்றைக் கூறும்? அவ்வஸ்து உடலின் வெப்பத்தை உயர்த்தும். கோடை வெயிலும் சனநெருக்கமும் ஓயாத ஆட்டமும் சேரும்போது அவ்வெப்பமே உயிரைக் குடிக்கும் என்று கூறும். நீர் அருந்துதல் வேண்டும். ஆயின் அவ்வஸ்து உடலிலே நீரைத் தேக்கிவைப்பதால், அளவின்றி அருந்தினால் இரத்தத்திற் சோடியம் குறைந்து மூளை வீங்கும் என்றும் கூறும். 'நீரைக் குடி' என்று பாதியைக் கூறி நிறுத்துதலும் கொல்லவல்லது. குளிகைக்குக் குளிகை வீரியம் வேறுபடும். அதனைக் கண்ணால் அறியவியலாது. மயங்கியவனைத் தனியே விடாது உடனே வைத்தியரை அழைத்தல் வேண்டும். இவற்றுள் எது ஒழுக்கத்திற்கு மாறானது?

அச்சம் இவ்வறிவை வழங்காதது மட்டுமன்று; ஆபத்தையும் பெருக்குகின்றது. இறந்த அறுவருள் பத்தொன்பது வயது யுவதி ஒருத்தி, பொலிசாரிடம் அகப்பட்டுவிடுவோமென்று அஞ்சி, ஒன்றுக்கு மேற்பட்ட குளிகைகளை விழாவுக்குள் நுழையுமுன்னரே உட்கொண்டாள். அறுவரின் சாவையும் விசாரித்த பிரதி மாநில மரண விசாரணை அதிகாரி ஹரியற் கிறேயம், 2019 நவம்பரில் வழங்கிய முடிவுகளில், விழாக்களில் மோப்ப நாய்களை நிறுத்துமாறும் குளிகைப் பரிசோதனையைத் தொடங்குமாறும் விதந்துரைத்தார்.

எதிர்த்தரப்பாரின் வலிமையான வாதமொன்றை மறைத்தல் நேர்மையாகாது. அறுவரும் கலப்பட நஞ்சினால் அன்றி, தாம் நாடிய அதே வஸ்துவினாலேயே மாண்டனர்; பரிசோதனை யாது செய்திருக்கும் என்று அவர்கள் வினவுவர். பரிசோதனை என்பது இரசாயனக் கருவி மட்டுமன்று. முடிவைக் கூறும் சுகாதார ஊழியர், வீரியத்தையும் ஆபத்தையும் எடுத்துரைத்து, எதுவும் பாதுகாப்பானதன்று என்பதையும் அவ்விடத்திலேயே கூறுவர். பலருக்கு அதுவே வாழ்வில் முதன்முறையாக வைத்திய அறிவுடைய ஒருவரோடு இதுபற்றி உரையாடும் வாய்ப்பாகும். 2019இல் கன்பராவில் நடைபெற்ற விழாவொன்றிலே, என்-எத்தில்பென்ரிலோன் என்னும் கொடிய வஸ்து இருப்பதாக ஏழு பேருக்குக் கூறப்பட்டது. எழுவரும் அதனைக் கழிவுப் பெட்டியில் இட்டுச் சென்றனர். அச்சுறுத்தல் சாதிக்காததை ஒரு மெய் சாதித்தது.

கன்பரா 2022இல் நிலையான பரிசோதனை நிலையமொன்றைத் திறந்தது. நியூ சவுத் வேல்ஸ், விசாரணை முடிவு வெளிவந்து ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தயங்கிய பின், 2025இலேதான் விழாக்களிற் பரீட்சார்த்தமாகத் தொடங்கிற்று. குயின்ஸ்லாந்தோ 2024இல் திறந்த நிலையங்களை 2025இல் மூடிற்று. ஆகவே இது முடிந்துபோன விவாதமன்று. அடுத்த கோடையில் யார் வீடு திரும்புவர் என்பதைத் தீர்மானிக்கும் விவாதமாகும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம், மெய்யறிதலே கல்வியின் பயனென்று பேசுகிறோம். அம்மெய், எம்மினும் இளையோர் உயிர்காக்கும் வேளையில் மட்டும் ஏன் கசக்க வேண்டும்? தம்பியரும் தங்கையரும் எம்மிடம் வந்து வினவுமாறு நாம் நடந்துகொள்ள வேண்டும். வினவும்போது பொய்கூறாதிருக்க வேண்டும். நெறிதவறிய பிள்ளையைத் திருத்துதற்கும் அப்பிள்ளை முதலில் உயிரோடிருத்தல் வேண்டுமன்றோ?