மருத்துவ மாணவருக்கு ஓர் ஆய்வு ஆண்டு

பெர்லினில் மருத்துவம் படித்த பால் லாங்கர்ஹான்ஸ், 1869-இல் பட்டத்துக்கான ஆய்வேட்டில் கணையத்துக்குள் சிதறிக்கிடக்கும் செல் திட்டுகளை விவரித்தார். வயது 21. அவை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஜெர்மன் மருத்துவ மாணவர்களில் பெரும்பாலோர் இன்றும் படிக்கும்போதே முனைவர் ஆய்வேடு எழுதுகிறார்கள். ஆனால் வகுப்புக்கும் வார்டுக்கும் நடுவே கிடைக்கும் மாலைப்பொழுதில் எழுதுவது பெரும்பாலும் மெலிந்துபோகிறது. ஐரோப்பிய ஆய்வு மன்றம் அந்த ஆய்வேட்டால் கிடைக்கும் பட்டத்தை மட்டும் பிஎச்.டி.க்குச் சமமாக ஏற்பதில்லை. அமெரிக்கா 1964-இல் வேறு வழி பிடித்தது: அரசு நிதியில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த, ஏறக்குறைய எட்டாண்டுப் படிப்பு. அதை முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்வியிலும் ஆய்விலுமே தங்கிவிடுகிறார்கள். ஆர்வமுள்ளவர்கள்தானே அதில் சேர்கிறார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் தோற்றுப்போன சோதனையை மறுபடி செய்ய நாள் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து தரவைச் சரிபார்க்கும் ஆசிரியர் வேண்டும், மாதச் செலவுக்கு உதவித்தொகை வேண்டும். ஆர்வத்தால் இவற்றை ஈடுகட்ட முடியாது. ஒரு முழு ஆண்டையாவது ஆய்வுக்கென்று ஒதுக்கித் தராமல் எந்தப் பல்கலைக்கழகமும் மருத்துவ மாணவரிடம் ஆய்வேடு கேட்கக் கூடாது.