சீம்பாலைப் பிழிந்தெறிவதோ?

ஈன்ற முதற் சில நாள்களில் ஊறும் மஞ்சள்நிறச் சீம்பாலைக் கெட்டபாலென்று பிழிந்தெறிந்துவிட்டுச் சேனை வைக்கும் வீடுகள் இன்றும் உள. ஆவின் சீம்பாலைக் காய்ச்சித் திரட்டி விரும்பியுண்போர், தம் குழவிக்குரியதை மறுப்பது என்ன அறிவோ! நோயெதிர்க்கும் ஆற்றல் மிக்கது அச்சீம்பாலே. முதல்நாட் குழவியின் சிறு வயிற்றுக்கு அச்சிறிதளவே போதும். பால் பெருகுவது மூன்றாம் நான்காம் நாளில்தான். அதுவும் இறைத்த கிணறு போன்றது. உறிஞ்ச உறிஞ்சவே ஊறும். பிறந்த ஒரு மணிநேரத்துள் மார்பில் அணைத்து, நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை ஊட்டல் வேண்டும். மாவுப்பால் விளம்பரத்தை 1992-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் தடுத்தும், இரண்டாம் நாளே வீட்டிற்குள் புட்டி நுழைந்துவிடுகிறது. புட்டி புகப் புக உறிஞ்சல் குறையும், சுரப்பும் குறையும். பின்னர்ப் ‘பாலற்றவள்’ என்னும் பழியைச் சுமப்பவளோ, அந்தப் பச்சையுடம்புக்காரி!