கூரையற்ற கார்களும் குடையற்ற மக்களும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இந்நாடு பட்ட பாடு நாம் அறிந்ததே. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு உலகறியக் கைவிரித்தது. மருத்துவமனைகளில் மருந்தில்லை. எரிவாயுச் சிலிண்டருக்காகத் தாய்மார் விடியுமுன் வரிசையில் நின்றனர். இவ்வளவையும் கண்ட பின்னர், இன்று வெள்ளவத்தைத் தேநீர்க் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் எமது இளைஞர் சிலர் சூடாக விவாதிக்கும் பொருள் யாது? கூரையைத் திறந்து மூடக்கூடிய உல்லாசக் காரொன்றை உடைமையாக வைத்திருத்தல் தகுமா என்பது!

தகாது என்பதே எமது முடிபு. இதற்கும் ஒரு கட்டுரையா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். ஒரு சமுதாயம் எதற்கு ஏங்குகிறது என்பது, அது எதை மறக்க விரும்புகிறது என்பதையும் சேர்த்தே காட்டும்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். மோட்டார் வண்டி கூரையின்றியே பிறந்தது. குதிரை வண்டியின் உடலிலே எஞ்சினைப் பொருத்தியவர்களுக்கு மூடிய அறையொன்றைச் செய்வது செலவு மிகுந்த வேலையாயிருந்தது. ஆதலின் கண்ணாடியும் கூரையும் கொண்ட கார் பெருஞ்செல்வருக்கே உரியதாயிற்று. ஏனையோர் தூசியையும் மழையையும் தின்றுகொண்டு போயினர். 1919 அளவில் அமெரிக்காவில் விற்பனையான பத்துக் கார்களில் ஒன்பது திறந்தவை. 1922இல் ஹட்சன் கம்பனி ‘எசெக்ஸ்’ என்ற மூடிய காரை மலிவாகச் செய்து சந்தைக்கு விட்டது. 1925இல் அதன் விலை திறந்த காரின் விலையிலும் தாழ்ந்தது. 1929 அளவில் பத்தில் ஒன்பது மூடியவையாகிவிட்டன. பத்தே ஆண்டுகள்! வாய்ப்புக் கிடைத்தவுடனே மக்கள் கூரையைத் தெரிந்தெடுத்தனர். திறந்த கார் எத்தகையதென்பதை நாள்தோறும் அநுபவித்தவர்கள் அளித்த தீர்ப்பு அது.

அதன் பின்னரே கூரையின்மை ஆடம்பரமாயிற்று. வேறு வழியில்லாதவனிடம் இருந்தவரை அது குறை. வழியுள்ளவன் கைக்கு வந்ததும் பெருமை. (குரக்கனும் இவ்வழியே சென்றது. ஏழைகளின் பிட்டாக இருந்த அதன் மாவுக்கு இன்று வெள்ளவத்தைக் கடைகளில் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள்.)

இனி, இப்பண்டம் எந்த நாட்டுக்கு உரியது? வெயிலுக்கு ஏங்கும் நாட்டுக்கு. இங்கிலாந்தில் கோடைகாலத்து மாலை இரவு ஒன்பது மணி வரை நீள்கிறது. ஆண்டிற் சில கிழமைகளே கிட்டும் அவ்வெயிலை ஒரு துளியும் சிந்தாமற் பருக விரும்பியவன் கூரையைக் கழற்றினான், அதில் நியாயமுண்டு. கொழும்பிலோ ஆண்டு முழுவதும் சூரியன் ஆறு மணியளவில் எழுந்து ஆறு மணியளவில் மறைகிறான். காலை எட்டு மணிக்கு மேல் வெயில் உச்சியைப் பிளக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரிற் பிற்பகல்தோறும் இடிமழை. எஞ்சியிருப்பது மாலைப்பொழுது. அவ்வேளையிற் காலி வீதியில் கார் ஓடுவதில்லை, நிற்கிறது. கூரை திறந்து அமர்ந்திருப்பவரின் முகம், முன்னே நிற்கும் பஸ்ஸின் புகைக்குழாய்க்குச் சற்று மேலே இருக்கிறது. அவர் பணங்கொடுத்து வாங்கிய தென்றல் அதுதான்.

தொழில்நுட்பத்தாலும் இது நட்டமே. காரின் கூரை வெறும் மூடியன்று. உடலை இறுக்கிப் பிடிக்கும் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் வண்டி முறுகும். முறுகாதிருக்க அடித்தளத்தையும் பக்கங்களையும் உருக்கினால் வலுப்படுத்தவேண்டும். பாரம் கூடும், எரிபொருட் செலவும் கூடும். மடித்த கூரை பின்பெட்டியின் இடத்தைத் தின்னும். துணிக்கூரையாயின் எமது ஈரக்காற்றிற் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளவத்தையிற் கடலுக்கு அண்மையிற் குடியிருப்போர், உப்புக்காற்று யன்னற் கம்பிகளை எவ்வளவு விரைவில் அரிக்கிறதென்பதை அறிவர். ஈற்றில் நிகழ்வது யாது? உரிமையாளர் கூரையை மூடிக் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, மற்றெல்லோரையும் போலவே போகிறார். திறக்கக்கூடிய கூரைக்கு விலை கொடுத்து, மூடிய கூரையின் கீழ் வாழ்கிறார்.

வெயில் நாட்டு மக்களாகிய எமக்கு நிழலே பெருமை. அரசனது சின்னங்களுள் ஒன்றாகக் குடையை வைத்த மரபு எம்முடையது. வெள்ளைக்குடி நாகனார் என்னும் புலவர் சோழன் கிள்ளிவளவனிடம் சென்று, மன்னனின் குடை யாருக்காக இருக்கிறதென்பதை உணர்த்தி, பழைய நிலவரிப் பாக்கியை நீக்குவித்தார் என்பது புறநானூற்றின் 35ஆம் பாட்டுக்குரிய செய்தி. பல்கலைக்கழகத்தில் நாம் இதைச் செவியறிவுறூஉத் துறைக்கு உதாரணமாக நெட்டுருச் செய்தோம். பரீட்சைக்கு அது போதுமானதாயிருந்தது, வாழ்க்கைக்குப் போதாது. அன்று வரிச்சலுகை கேட்கப்பட்டது உழவர் பொருட்டு. எமது காலத்து வரிச்சலுகையை நோக்குங்கள்: தீர்வை குறைந்த வாகன அனுமதிப் பத்திரங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் உயர் உத்தியோகத்தர்க்கும் பல்லாண்டுகளாக வழங்கப்பட்டு வந்தன. அவற்றைப் பெற்றவர்களிற் சிலர் பிறருக்கு விற்றுக் காசாக்கிய கதைகள் பத்திரிகைகளில் நாறின. மக்கள் சேவைக்கென அளிக்கப்பட்ட சலுகை, மக்கள் ஒருநாளும் ஏறியிராத வண்டிகளாக வீதிக்கு வந்தது.

“எனது பணம், எனது கார், உமக்கென்ன?” என்று கேட்பவர்க்கு 2022ஐ நினைவூட்டுதல் தகும். அவ்வாண்டு யூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. கொழும்பிற் பாடசாலைகள் மூடப்பட்டன. நாமும் எமது மாணவரும் வீட்டிலிருந்தோம். எரிபொருள் வரிசைகளில் நின்றவாறே உயிர்நீத்தவர்களும் உண்டு. யூலையில் பங்கீட்டு முறை வந்தபோது ஒரு கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என வகுத்தனர். நாள் முழுவதும் ஓடிப் பிழைப்பவனுக்கு ஐந்து. அலுவலகத்துக்குப் போய்வருபவனுக்கு இருபது! எஞ்சினின் பருமனே அளவுகோலாயிற்று, வயிற்றின் பருமன் அன்று. பெற்றோல் இந்நாட்டு மண்ணில் ஊறுவதில்லை. அதைக் கொண்டுவரும் டொலரைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணும், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்ணும் உழைத்துத் தருகின்றனர். அப்பணத்தில் ஒருவன் தலைமுடியைக் காற்றில் அலையவிடுவதை அவனது சொந்த விவகாரம் என்று எப்படிக் கொள்வது?

முச்சக்கர வண்டியைப் பற்றி இவ்விடத்தில் ஒரு வார்த்தை. இலங்கையின் உண்மையான திறந்த வாகனம் அதுவே. பக்கங்கள் திறந்தவை, கூரை துணி, காற்று தாராளம், மூவர் அமரலாம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை பதிவாகியுள்ளன. அதிற் போவதை எவரும் பெருமையாகப் படம் பிடித்துப் பரப்புவதில்லை. ஆகவே காற்றுக்காகத்தான் திறந்த கார் வேண்டுமென்பது நம்பத்தக்க வாதமன்று.

வேண்டப்படுவது காட்சி. இந்த ஆசையை எமக்கு ஊட்டியதிற் சென்னைப் படமுதலாளிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1960களின் படங்களிற் செல்வந்தக் கதாநாயகன் திறந்த காரிலேயே காதல் செய்தான். அக்காட்சிகளிற் பல படப்பிடிப்பு நிலையத்துக்குள்ளே எடுக்கப்பட்டவை. கார் அசையாது நின்றது, பின்னாலிருந்த திரையிலே சாலை ஓடியது. கொட்டாஞ்சேனையில் இருபதுபேர் ஒரு குழாயிலே தண்ணீர் பிடித்த முடுக்குகளிலிருந்து சென்று அப்படங்களைப் பார்த்தவர்களின் பேரர்கள், அதே அசையாத காரை இன்று கைத்தொலைபேசியிற் பார்க்கின்றனர்.

பழைய கார்களைப் பேணுவோரை நாம் இக்கண்டனத்திற் சேர்க்கவில்லை. மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தபோதே திறந்த கூரை வகையும் உடன் வந்தது. 1969 வரை அவ்வகை செய்யப்பட்டது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிற் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கிருந்த மைனர்களை எமது தொழிலாளர் சாகவிடவில்லை. பஞ்சிகாவத்தைக் கடைகளிற் கிடைத்த உதிரிப்பாகங்களைக் கொண்டும், கிடைக்காதவற்றைப் பட்டறையிற் கடைந்தும், அரை நூற்றாண்டுக்கு மேல் அவற்றை ஓடவைத்தனர். அத்தகைய வண்டியொன்றின் பெறுமதி, அதைத் திருத்தியவனின் கைத்திறனே. புதிய உல்லாசக் கார் அப்படிப்பட்டதன்று. அதன் கூரையை இயக்கும் மோட்டார் பழுதானால் முழுப்பகுதியையும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். எமது தொழிலாளி வெறும் கழற்றிப் பூட்டுபவனாகிறான். கலியாண வாடகைக்கு விடப்படும் பழைய திறந்த கார்களைக் குறித்தும் நமக்குப் பெரிய பகையில்லை. ஒருநாட் கூத்து. அதன் வாடகையைச் சீதனக் கணக்கிற் சேர்க்காதவரை.

எமக்கு எதிரான வாதங்களுள் ஒன்று மட்டும் இலகுவில் தள்ளத்தக்கதன்று. அது எம்மவரிடமிருந்தே வருவது. 1983 யூலையில் காலி வீதியில் வாகனங்கள் மறிக்கப்பட்டன; உள்ளேயிருந்தவர் யாரென்பதை அவர் பேசும் மொழியாற் சோதித்தனர்; தமிழரெனக் கண்டவிடத்து வண்டியோடு எரித்தனர். மறித்த வாகனங்களிலிருந்து எடுத்த பெற்றோலே வீடுகளைக் கொளுத்தவும் பயன்பட்டது. அதன் பின் கால்நூற்றாண்டாகச் சோதனைச் சாவடிகள். 2007 யூன் 7ஆம் நாள் விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு, “கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு போன அதே காலி வீதியிலே, முகத்தைத் திறந்து காட்டிக்கொண்டு போக ஆசைப்படுவது குற்றமா?” என்று கேட்கின்றனர்.

குற்றமன்று. அந்த ஆசையின் நோவை உணராதவன் வெள்ளவத்தையில் வாழ்ந்தவனல்லன். ஆயின், அது யாருடைய முகம் என்று நாம் கேட்கிறோம். 2007இல் பஸ்ஸில் ஏற்றப்பட்டோர் யாவர்? கடவுச்சீட்டுக்கும் மருத்துவத்துக்கும் கூலிவேலைக்கும் வந்து, மலிவு விடுதிகளிற் பாய் விரித்திருந்தவர்கள். மாடிவீடுகளில் இருந்த எம்மிற் பலர் அன்று கதவைத் திறந்து எட்டிப் பார்க்கவுமில்லை. அச்சமின்றி வீதியிற் போகும் உரிமை ஒருவர் பெட்டி நிறையப் பணங்கொடுத்து வாங்கும் பொருளானால், வாங்க வசதியற்றவன் அச்சத்தோடேயே இருக்கட்டும் என்பதுதானே பொருள்? நடந்துபோகும் தமிழனும், பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கும் சிங்களத் தொழிலாளியும், தொப்பி அணிந்து செல்லும் முஸ்லிம் வியாபாரியும் எவ்வித மறிப்புமின்றிப் போகும் வீதியே திறந்த வீதி. 2019 ஏப்ரலிற் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிற் குண்டு வெடித்த பின்னர், முஸ்லிம் பெண்களின் முகங்களை வீதியிற் சோதித்தபோது எம்மவர் எத்தனைபேர் குரல் எழுப்பினோம்?

காட்சிக்கென்றே ஒரு வண்டி எம் நகரில் இருந்தது, இன்றும் இருக்கிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் போகும் ஆடிவேல் இரதம். பக்தியைப் பற்றிய எமது கருத்து எதுவாயினுமாகுக; அது எவன் வீட்டுக் கொட்டகையிலும் பூட்டிவைக்கப்படுவதில்லை. 1983இன் பின் அது நின்றுபோனதையும் பின்னர் மீண்டும் புறப்பட்டதையும் நகரம் முழுவதும் அறிந்தது.

மகிழ்ச்சிக்கு விரோதிகள் என்று எம்மை ஏசுவோர், மாலையிற் கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் கரையோரப் புகையிரதத்தில் ஒருமுறை யன்னலோரம் இடம் பிடித்துப் பார்க்கட்டும். கடல் பக்கத்தில் உருண்டு வருகிறது. காற்றுக்குக் குறைவில்லை. குறை சனநெரிசலிலும் பெட்டிகளின் பழமையிலுமே உள்ளது; அவை திருத்தத்தக்க குறைகள். 1958 சனவரி 1ஆம் நாள் தனியார் பஸ் கம்பனிகளைத் தேசியமயமாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியபோது இந்நாடு ஒரு துணிவைக் காட்டிற்று. 1979இல் தனியார் பஸ்களை மீண்டும் அநுமதித்தபின், அன்றன்று சேரும் வசூலே நேரசூசியாயிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையூடாகத் தெற்கே ஓடும் 102ஆம் இலக்க பஸ், ஆள் சேரும்வரை ஓரிடத்தில் நிற்கும். பின் மற்றொரு பஸ்ஸை முந்துவதற்காகத் தரிப்பிடத்தில் நில்லாமற் பறக்கும். எமது மாணவர் முதற்பாடத்துக்குப் பிந்தி வருவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ஒக்டோபரில் அவர்கள் நனைந்த புத்தகங்களுடன் வருகின்றனர். காலி வீதியிற் கூரையற்றவை கார்கள் மட்டுமல்ல.

ஆசிரிய நண்பர்களும் மாணவ சங்கங்களும் செய்யத்தக்க வேலையொன்றுண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரையுள்ள தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எவற்றில் மழைக்கு ஒதுங்க இடமுண்டு, எவற்றில் இல்லை, காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் எத்தனை பஸ்கள் நில்லாமற் போகின்றன என்று குறித்தெடுத்தல் வேண்டும். இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு கிழமைக் காலைகளும் போதும். அக்கணக்கை மாநகரசபையிடமும் போக்குவரத்து அதிகாரிகளிடமும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுப்போம். ஒக்டோபர் மழைக்கு முன் அது முடிந்திருத்தல் வேண்டும்.