ஓரிரவு இரைச்சல், ஓராண்டுக் கடன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு பார்க்கும் நம் இளைஞர்களின் கல்யாணச் செலவில் புதிய இனம் ஒன்று சேர்ந்திருக்கிறது. மஹர் எவ்வளவு என்ற பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிகிறது. வரவேற்புக்கு எந்த டி.ஜே. என்ற பேச்சு ஐந்து நாள் நீள்கிறது.

கணக்குப் பார்ப்போம். டி.ஜே.வுக்குப் பேசிய கூலி தனி. பெரிய ஸ்பீக்கர், வண்ண விளக்கு, புகை மெஷின், வண்டி வாடகை, ஜெனரேட்டர் டீசல், நேரம் கூடினால் கூடுதல் பணம் என்று பின்னால் வருபவை தனி. எல்லாம் சேர்ந்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,500 ரூபாய் மிச்சம் பிடிக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அது 12 மாத மிச்சம். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், முதல் மாதமே 600 ரூபாய் வட்டிக்குப் போகும். வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வட்டிப் பணத்தில் வலீமா மேடை போடுவது எந்த நியாயம்? அதையே பெண் வீட்டார் தலையில் கட்டினால், அது கைக்கூலிக்கு இன்னொரு பெயர்!

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்தில் பாட்டுப் போட 'லைசென்ஸ்' பணம் என்று யாரேனும் கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு திருமணக் கொண்டாட்டங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. எட்டு மணிக்குக் கூட்டம் சேர்ந்து பத்து மணிக்கு நிறுத்த வேண்டிய இரைச்சலுக்கா இவ்வளவு பணம்?

2022ஆம் ஆண்டில் ஜார்க்கண்ட் மாநிலம் தன்பாத் மாவட்டத்தின் நிர்சா பகுதியில், கல்யாணத்தில் டி.ஜே. வைத்தால் 5,100 ரூபாய் அபராதம் என்று உலமாக்கள் அறிவித்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வசதியுள்ளவர் அபராதத்தையும் கட்டிவிட்டு ஆட்டம் போடுவார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டு ஏழை கடன் வாங்குவார். நோய் ஏழையிடம் தொடங்கவில்லை. மருந்தும் அங்கே தொடங்கக் கூடாது.

வணிகப் பெருமக்களே! வணிகரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஓர் ஆட்டைக் கொண்டேனும் வலீமா கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கல்யாணத்தில் தஃப் அடிப்பதையும் தடுக்கவில்லை. மார்க்கம் மகிழ்ச்சிக்குப் பகையல்ல, வீண்விரயத்துக்குத்தான் பகை.

ஆகவே, செலவழிக்க முடிந்தவர்களே முதலில் நிறுத்துங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணம் டி.ஜே. இல்லாமல் நடந்தால், மஹல்லாவில் ஏழைக்கு வெட்கம் போகும்.

இளைஞர்களே! அந்த 30,000 ரூபாயைப் புதுக் குடித்தனத்தின் வாடகை முன்பணமாகக் கொடுங்கள். கடனில்லாத வீட்டுக்குள் மனைவியை அழைத்துச் செல்வதைவிடப் பெரிய கொண்டாட்டம் எது?