டீசலைத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே இருக்கு... அப்புறம் ஏன் கிணறு வரைக்கும் விடுறோம்?

2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தது நினைவிருக்கிறதா? மண்ணுக்கடியில் போன எரிபொருள் குழாயில் கசிவு. மோட்டார் போட்டால் பெட்ரோலிய வாடை. இப்படி ஒரு செய்தி வந்தாலே நாம் முதலில் கேட்பது, 'தண்ணீரை எப்படிச் சுத்தம் பண்ணுவாங்க?' என்றுதான். என்னைக் கேட்டால், அது லேட்டாக வரும் கேள்வி. தண்ணீரைத் தொடும் முன்பு அந்த எண்ணெய் மண்ணில் தங்கியிருந்ததே, அப்போது என்ன செய்தோம்?

கசிந்த எரிபொருள் நேராகக் கிணற்றில் போய் விழுவதில்லை. தரைக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் இருக்கும் மண்ணில், ஸ்பாஞ்சில் ஊறுவது மாதிரி ஊறி நிற்கும். குழாயை அடைத்துவிட்டாலும் ஒவ்வொரு மழைக்கும் பென்சீன் போன்ற நச்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

நல்ல செய்தி என்னவென்றால், அந்த மண்ணிலேயே எரிபொருளைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. சூடோமோனாஸ் ஓர் உதாரணம். டீசலில் உள்ள கார்பன்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தின்று முடித்தால் பெரும்பாலும் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான்.

'அதுக்கு லேப்ல உருவாக்கின சூப்பர் பாக்டீரியா வேணுமே?' என்று கேட்கலாம். வங்காளத்தில் பிறந்த விஞ்ஞானி ஆனந்த மோகன் சக்ரவர்த்தி அப்படி ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் கோர்ட்டில் புகழ்பெற்ற அந்த பாக்டீரியா, எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யக் களத்தில் இறங்கவே இல்லை. பெரும்பாலான இடங்களில் பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ஆக்சிஜனுக்குத்தான்.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ எரிபொருளை முழுதாகத் தின்ன பாக்டீரியாக்களுக்குச் சுமார் 3.5 கிலோ ஆக்சிஜன் தேவை. அதைக் காற்று வழியாகக் கொடுத்தால் 12 ஆயிரம் லிட்டர் சொச்சம் காற்று போதும். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனாகக் கொடுக்க வேண்டுமென்றால்? ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவதே 8 மில்லிகிராம் அளவுதான். ஆக, 4 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதே பாக்டீரியா, அதே டீசல். ஈர மண்ணைத் தாண்டி நீருக்குள் போய்விட்டால் வேலை பல மடங்கு கஷ்டமாகிவிடும்.

அதனால்தான் மண்ணில் துளை போட்டு, சாதாரண ப்ளோயரால் காற்றைச் செலுத்துகிறார்கள். பயோவென்டிங் என்று பெயர். மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். வேகமாக ஊதினால் பாக்டீரியா தின்பதற்குள் எரிபொருள் ஆவியாகி மேலே வந்துவிடும். வேலை நடக்கிறதா என்று பார்க்கும் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. ப்ளோயரை நிறுத்திவிட்டு, மண்ணுக்குள் ஆக்சிஜன் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று அளப்பார்கள். பக்கத்தில் சுத்தமான மண்ணிலும் அளந்து ஒப்பிடுவார்கள். எண்ணெய் ஊறிய மண்ணில் மளமளவென்று குறைந்தால், உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள்! 1990-களில் அமெரிக்க விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இதைச் சோதித்துப் பார்த்தது.

அதே விமானப்படை கோட்டை விட்ட இடமும் உண்டு. நியூ மெக்சிகோவில் அல்புகர்க்கி நகரை ஒட்டிய கர்ட்லாண்ட் தளத்தில், பல பத்தாண்டுகளாக விமான எரிபொருள் கசிந்தது 1999-ல்தான் தெரியவந்தது. அங்கே நிலத்தடி நீர் சுமார் 500 அடி ஆழத்தில். அவ்வளவு மண் நடுவில் இருந்தும், எரிபொருள் நீரின் மேல் மிதப்பது 2007-ல் தெரிந்தது. பழைய விமானப் பெட்ரோலில் கலந்திருந்த எத்திலீன் டைபுரோமைடு என்ற நச்சு, நகரின் குடிநீர்க் கிணறுகள் இருக்கும் பக்கமாக நகர ஆரம்பித்தது. 2015-லிருந்து தண்ணீரை மேலே இறைத்து, ஆக்டிவேட்டட் கார்பனில் வடிகட்டும் வேலை.

நம்ம கடலோரத்தில் 500 அடியெல்லாம் கிடையாது. பல இடங்களில் சில மீட்டரிலேயே தண்ணீர். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறினால், காற்றுப் புகும் மண் இன்னும் குறையும். களிமண்ணாக இருந்தால் காற்று போவதே சிரமம். மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றலாம்தான். ஆனால் மேலே வீடும் ரோடும் இருக்கும் இடத்தில் எதைத் தோண்டுவது?

அதனால் கசிவு தெரிந்த வாரமே மண்ணைச் சோதிக்க வேண்டும், செலவு குழாயின் சொந்தக்காரருடையது என்பது என் கருத்து. 'பாக்டீரியா தெளிச்சாச்சு' என்று போட்டோவோடு அறிக்கை வந்தால் அத்தோடு விட வேண்டாம். ப்ளோயரை நிறுத்தியபோது ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது, எத்தனை இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் அளந்தீர்கள் என்று கேளுங்கள். அந்த எண்கள் கையில் இல்லையென்றால், அங்கே வெறும் தண்ணீரைத் தெளித்தார்களா என்பதுகூட நமக்குத் தெரியாது.