அளவுகோலை அளப்பது யார்?

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கையில் எடுக்கும் மைக்ரோமீட்டருக்கும் வெர்னியருக்கும் தேதி உண்டு. இன்ன நாளில் சரிபார்த்தது, அடுத்து இன்ன நாளில் சரிபார்க்க வேண்டும் என்று சீட்டு ஒட்டியிருக்கும். தேதி தாண்டிய கருவியால் அளந்த உருப்படியை ஆய்வாளர் ஏற்கமாட்டார். கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் நிறுக்கும் தராசுக்கும் சட்டம் சர்க்கார் முத்திரை கேட்கிறது. இரும்புக்கும் மாங்காய்க்கும் உள்ள இந்தப் பாதுகாப்பு, தொழிலாளியின் ரத்தத்தை அளக்கும் கருவிக்கு உண்டா?

இன்று கேட்க வேண்டிய கேள்வி இது. ரத்தத்தைக் குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிக் காத்திருந்த காலம் மாறி வருகிறது. படுக்கையருகிலேயே, வீட்டுத் திண்ணையிலேயே, கையடக்கக் கருவி நிமிஷத்தில் விடை சொல்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ந் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் துவக்கி வைத்ததே நமது ஜில்லாவில், சாமனப்பள்ளியில்தான். பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். ஒரு நாள் கூலியை இழந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாதவர்களுக்கு இது நல்ல காரியம். நாம் வரவேற்கிறோம். ஆனால் கருவி காட்டும் எண் வேதவாக்கல்ல.

மாம்பழக் காலத்தில் கூழ் ஆலையில் பழம் உரித்த கையோடு வந்து விரலை நீட்டினால், ரத்தத்தின் சர்க்கரையோடு பழத்தின் சர்க்கரையையும் கருவி சேர்த்துக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் மட்டும் போகாது. தண்ணீரில் கழுவ வேண்டும். பரிசோதனைப் பட்டைகள் உள்ள டப்பா மூடாமல் கிடந்தாலும், வெயிலில் வெந்தாலும் எண் கெடும். ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல கருவிகள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. களையெடுக்கும் பெண்ணுக்கு இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டி, அதற்கேற்ப மருந்தையும் ஏற்றினால், அவள் வரப்பிலேயே மயங்கி விழுவாள். ரத்தத்தில் 200 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும்போது 170 என்றோ 230 என்றோ காட்டினாலும் சர்வதேசத் தரம் அதை ஏற்கிறது. நல்ல கருவியின் லட்சணமே இது! பராமரிப்பில்லாத கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மூச்சு விஷயம் இதைவிட அவசரமானது. 2021ல் கொரோனா இரண்டாம் அலை வீசியபோது விரலில் மாட்டும் கருவி 94க்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்தே ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அந்தக் கருவி தோல் வழியே ஒளியைப் பாய்ச்சிப் பிராணவாயுவைக் கணிப்பது. கறுத்த தோலில் அது உள்ளதற்கு மேல் காட்டக்கூடும். அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை மருத்துவர்கள் 2020 டிசம்பரில் கணக்கு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், உண்மையில் 88க்கும் கீழே இறங்கியிருந்தது, வெள்ளையரிடம் 100க்கு 3.6, கறுப்பரிடம் 11.7. வெயிலில் கறுத்த நமது உழவனுக்கும் கொத்தனுக்கும் இது அக்கரைச் செய்தி அல்ல.

உண்மையைச் சொல்வது தமனி ரத்தப் பரிசோதனை. மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்து, பிராணவாயு, கரியமில வாயு, அமிலத்தன்மை மூன்றையும் யந்திரத்தில் அளப்பது. வயலில் பூச்சிமருந்து அடித்து மூச்சுத் திணறி வருபவரையும், நெடுஞ்சாலை விபத்தில் நொறுங்கி வருபவரையும் செயற்கை மூச்சில் வைப்பதா என்ற முடிவுக்கு இது பெரிய துணை. இதுவும் கண்டிப்பான காரியம். ஊசிக்குழலில் காற்றுக்குமிழி இருந்தால் எண் மாறும். அரைமணிக்கு மேல் மேஜையில் கிடந்தால், ரத்தத்தின் அணுக்களே அதிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். யந்திரத்தையும் விடை தெரிந்த திரவம் கொண்டு தினமும் சோதிக்க வேண்டும். இங்கே எடுத்த சீட்டை நம்ப முடியாவிட்டால், அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போகும் நோயாளி அதே பரிசோதனைக்கு அங்கே மறுபடி காசு அவிழ்க்க வேண்டும்.

சோதிக்காத சரக்கு என்ன செய்யும் என்பதை 2020 ஏப்ரலில் நாடே பார்த்தது. சீனாவிலிருந்து வந்த கொரோனா துரிதப் பரிசோதனைப் பெட்டிகள் 100க்கு 5.4தான் சரியாகச் சொல்கின்றன என்று ராஜஸ்தான் சர்க்கார் அறிவித்தது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான பெட்டிக்கு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலிடம் 600 ரூபாய் விலை பேசியிருந்தது டில்லி ஹைகோர்ட்டில் அம்பலமாயிற்று. ஏப்ரல் 27ந் தேதி கவுன்சில் அவற்றை நிறுத்தச் சொன்னது. தமிழக சர்க்காரும் திருப்பி அனுப்பியது. ஒரு ரூபாயும் நஷ்டமில்லை என்றார்கள். நாட்கள் நஷ்டமானதை யார் கணக்கில் எழுதுவது?

எண் தவறினால் பழி தன்னார்வலர் மீதோ நர்ஸ் மீதோ விழக்கூடாது. அவர்களுக்குக் கருவி மட்டும் போதாது. சோதனைத் திரவமும், பயிற்சியும், பட்டைகளை வெயில் படாமல் வைக்கும் வசதியும் வேண்டும். போலுப்பள்ளி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முதல் அஞ்செட்டி மலைக் கிராமங்கள் வரை ஒவ்வொரு கருவிக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். தினசரி சோதனையின் விடையும் கையெழுத்தும் அதில் ஏறட்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி விடை மறைத்த மாதிரிகளைப் பரிசோதனைக்கூடங்களுக்கு அனுப்பி, பதிலை ஒப்பிட்டுச் சொல்லும் ஏற்பாட்டை நெடுங்காலமாக நடத்துகிறது. நமது ஜில்லாவின் சர்க்கார், தனியார் ஆஸ்பத்திரிகள் யாவும் இத்தகைய சோதனைக்கு உட்பட வேண்டும். முடிவை வாசலில் ஒட்ட வேண்டும். டெக்னீஷியன் வேலைகளை ஒப்பந்தத்தில் ஓட்டாமல் நிரந்தரமாக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ.க்கு 2019 ஜூலை முதல் தொழிலாளி தன் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 பைசா கட்டுகிறார். முதலாளி 3 ரூபாய் 25 பைசா கட்டுகிறார். காசு கட்டுகிறவர் கணக்குக் கேட்கலாம். ஓசூர்ச் சங்கங்கள் இ.எஸ்.ஐ. அதிகாரிகளை அடுத்த முறை சந்திக்கும்போது, மருந்துத் தட்டுப்பாட்டோடு இதையும் எழுப்ப வேண்டும்: கருவிகளைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி எது? அந்த நோட்டு எங்கே?